"அந்த ஒரு வரி வந்தால் மட்டும் அப்பா வாயை மூடிக்கொள்வார்!" - எங்கள் வீட்டு எட்டரை மணி ஜெபம்

எங்கள் வீட்டில் இரவு எட்டரை மணி ஆனால் டி.வி-யை அணைத்துவிட வேண்டும். சீரியலில் யார் யாருக்கு விஷம் வைத்துக்கொண்டிருந்தாலும் சரி, அணைத்தே ஆக வேண்டும். அம்மா பாயை விரிப்பார். அப்பா கடையிலிருந்து வந்து, கால் கழுவிவிட்டு உட்காருவார். ஒரு கீர்த்தனை, பைபிளில் ஒரு அதிகாரம், அம்மாவின் ஜெபம், கடைசியாக எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். மொத்தம் இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் நானும் தம்பியும் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருப்போம்.

தூத்துக்குடி மாவட்டத்தில் நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. செம்மண் தேரி, பனைமரம், ஊருக்கு ஒரு கோயில். சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். சென்னையில் என் தோழிகளிடம் 'ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போகணும்' என்று சொன்னால், 'எந்தக் கோயில், வடபழனியா?' என்று கேட்பார்கள்.

பரமண்டல ஜெபம் பற்றி ஒரு வார்த்தை. இயேசு தன் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் அது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் நாலு வயதிலேயே மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்கள். மற்றவர்கள் எங்களுக்குச் செய்ததை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கும் ஓர் இடம் அதில் வரும். எங்கள் பைபிளில் அந்த இடத்தில் இருக்கும் வார்த்தை 'கடன்'.

அந்த வார்த்தைதான் எனக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. காரணம், எங்கள் வீட்டில் நிஜமாகவே கடன் இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. 2009. பெரியப்பா செங்கல் சூளை போடுவதற்குக் கடன் வாங்கினார். அதற்கு எங்கள் வீட்டுப் பத்திரத்தை அப்பா ஈடாகக் கொடுத்திருந்தார். "அண்ணன் கேட்டான், குடுத்தேன்" என்பதற்கு மேல் அப்பா அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சூளை ஓடவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால் பெரியப்பா வீடு பூட்டிக்கிடந்தது. திருப்பூரில் இருக்கிறார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள். வட்டி ஏறியது, நோட்டீஸ் வந்தது. முதலில் அம்மாவின் நகை போனது. அப்புறம் அப்பாவின் பலசரக்குக் கடை. கடைசியில் வீடு.

இரண்டு தெரு தள்ளி வாடகைக்குப் போனோம். ஸ்கூலுக்கு எங்கள் பழைய வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். புதிதாக வந்தவர்கள் அதற்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். எங்கள் கொய்யா மரத்தில் அவர்கள் வீட்டுப் பையன் ஏறி உட்கார்ந்திருப்பான். அவன் என்ன தப்பு செய்தான்? ஆனாலும் அவனைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

அந்த நாள்களில் ஒரு ராத்திரி ஜெபம் முடிந்ததும் அப்பாவிடம் கேட்டேன், "ஏம்ப்பா, நம்ம கடன் பைபிள்ல எப்படி வந்துச்சு?" தம்பி சிரித்தான். அம்மாவும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து வெளியே திண்ணைக்குப் போய்விட்டார்.

அப்பா எழுந்துபோனதற்கு நான் கேட்ட கேள்வி மட்டும் காரணமில்லை. அன்றைக்கு அம்மா தன் ஜெபத்தில் புதிதாக ஒரு பெயரைச் சேர்த்திருந்தார். வழக்கமாக, பிள்ளைகள் படிப்பு, பக்கத்து வீட்டு ஆச்சியின் முழங்கால் வலி, மழை என்று போகும் வரிசையின் கடைசியில், "எங்க மூத்த அத்தானையும் அவுக குடும்பத்தையும்" என்று சொன்னார். மூத்த அத்தான் என்றால் பெரியப்பாதான்.

மறுநாளும் அம்மா சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார். நாலாவது நாள் அப்பா பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்து, "அவன் பேர இந்த வீட்டுல எடுக்காத" என்றார். அம்மா நிறுத்திக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாளிலிருந்து அந்த இடம் வரும்போது அம்மாவின் சத்தம் மட்டும் குறையும், உதடு அசைந்துகொண்டிருக்கும்.

அப்பா சில மாதங்கள் ஜெபத்துக்கே வரவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்ப வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். பரமண்டல ஜெபத்தில் எல்லா வரியும் சொல்வார். கடன் வரும் அந்த ஒரு வரியில் மட்டும் வாயை மூடிக்கொள்வார். மற்ற மூன்று குரல்கள் அதைச் சொல்லி முடித்ததும் அடுத்த வரியில் சேர்ந்துகொள்வார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, வருடக்கணக்காக அப்படித்தான்.

எனக்கு அப்போது தேவையாக இருந்தது வேறு. எங்கள் பக்கம் உபவாசக் கூட்டங்களில் சாட்சி சொல்வார்கள். 'எல்லாம் இழந்தோம், ஜெபித்தோம், இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது' என்று மைக்கில் கண்ணீரோடு சொல்வார்கள். யோபுவின் கதையைச் சொல்லாத கூட்டமே இருக்காது. நானும் ராத்திரி போர்வைக்குள் முழங்கால் போட்டுக்கொண்டு, 'பச்சை வீடு திரும்ப வேணும் ஆண்டவரே' என்று கேட்பேன். மார்க் கேட்டால் கிடைத்தது, வீடு கேட்டால் கிடைக்கவில்லை. பதினைந்து வயதில் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஜெபத்தில் உட்காருவேன், ஆனால் மனசு எங்கேயோ இருக்கும்.

பின்னாளில்தான் யோபுவின் கடைசி அதிகாரத்தை நானே ஒழுங்காகப் படித்தேன். அவன் தன் நண்பர்களுக்காக ஜெபம் செய்தபோதுதான் அவன் நிலைமை மாறியது என்று அங்கே இருக்கிறது. அத்தனை அதிகாரம் அவன் புண்ணில் உப்பு தடவியவர்கள் அந்த நண்பர்கள். இரட்டிப்பைப் பற்றி மைக்கில் பேசுபவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஜர்னலிசம் டிப்ளமா படிக்கும்போது ஹாஸ்டலில் என் ரூம்மேட் ஒரு கத்தோலிக்கப் பெண். ஒருநாள் அவள் சத்தமாக ஜெபம் சொன்னபோது அதிர்ந்துபோனேன். அதே ஜெபம்தான், ஆனால் அவர்கள் சொல்வதில் கடன் இல்லை. 'பொறுத்தருளும்' என்று வருகிறது. அவளிடம் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். "நீ கத்தோலிக்காகப் பிறந்திருந்தா உங்கப்பாவுக்கு இந்தப் பிரச்னையே வந்திருக்காதுடி" என்றாள். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்த லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அம்மா தையல் மெஷினில் இருந்தார். நகை போனதற்குப் பிறகு கற்றுக்கொண்டது. ஊரில் பாதிப்பேர் ஜாக்கெட் அம்மா தைத்ததுதான்.

"எப்படிம்மா உன்னால பெரியப்பாவுக்காக ஜெபம் பண்ண முடிஞ்சுது?"

அம்மா தைப்பதை நிறுத்தவில்லை. "மொத வருசம் நான் என்ன ஜெபம் பண்ணுனேன்னு உனக்குத் தெரியுமாட்டி? அவுக நல்லா இருக்கக் கூடாதுன்னுதான் பண்ணுனேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"வேற என்னத்தச் சொல்ல? கர்த்தர்ட்ட போய் நடிக்க முடியுமா? சங்கீதத்துல தாவீதே எதிரி பல்லை உடைன்னு கேக்குதாரு. நானும் கேட்டேன். உடைக்கணும், கடன்காரனா அலையணும், எல்லாம் கேட்டேன். கேக்கக் கேக்க எனக்கே ஒருமாதிரி ஆயிட்டு. தெனமும் ஒருத்தர் பேரச் சொல்லிக்கிட்டே இருந்தா, அவுக முகம் கண்ணு முன்னால வந்துருதுல்லா. உனக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப உன்னத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறுனது அவுகதான். அதுவும் ஞாபகத்துக்கு வருது. நான் என்ன செய்ய?"

அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு, மத்தேயு 18-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன், அழுது கெஞ்சித் தள்ளுபடி வாங்குகிறான். வெளியே வந்ததும் தனக்கு வெறும் நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கதை தெரிந்ததுதான். ஆனால் அது எவ்வளவு பணம் என்று நான் யோசித்ததே இல்லை. ரிப்போர்ட்டர் புத்தி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த வெள்ளிப்பணம் ஒன்று ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். அப்படியென்றால் அவனுக்கு வர வேண்டியது 100 நாள் கூலி. அவன் கொடுக்க வேண்டியிருந்தது 6 கோடி நாள் கூலி! வருடத்துக்கு 300 நாள் வேலை பார்த்தாலும் அடைக்க 2 லட்சம் வருடம் ஆகும்.

"நான் அந்த வேலைக்காரனா இருந்துட்டேன்னு ஒருநாள் தெரிஞ்சுது" என்றார் அம்மா. "அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது."

நான் ஒரு நடிகரைப் பற்றி ஒரே நாளில் நாலு செய்தி எழுதுகிறேன். அவர் எந்த ஹோட்டலில் சாப்பிட்டார், என்ன கலர் சட்டை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அவரை எனக்குத் தெரியாது. கடவுள் விஷயத்திலும் நான் அப்படித்தான் இருந்தேன். வசனம் தெரியும், வினாடிவினாவில் பரிசு வாங்கியிருக்கிறேன். அம்மாவுக்கு அவரைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவரைத் தெரியும் என்பது மட்டும் தெரிந்தது.

இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கும், நமக்கு வரும்வரை.

என் முதல் வேலை ஒரு சின்ன நிறுவனத்தில். தூத்துக்குடி உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஒரு கட்டுரைக்காக லீவு போட்டு, சொந்தக் காசில் நாலு நாள் சுற்றினேன். வெயிலில் வெள்ளை உப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. அந்தப் பெண்களுக்கு வாழ்க்கை முழுக்க அப்படித்தான். எழுதி சீனியர் ஒருவரிடம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வெளிவந்தது, அவர் பெயரில். கடைசி வரியில் 'உதவி' என்று என் பெயர்கூட இல்லை.

ராத்திரி தூக்கம் போனது. அவருடைய சோஷியல் மீடியா பக்கத்தைத் திறந்து, யார் யார் பாராட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுவேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மறுபடியும் எண்ணுவேன். அம்மாவிடம் போனில் அழுதபோது அவர் சொன்னது, "அந்த சார் பேரச் சொல்லி ஜெபம் பண்ணு மக்கா."

"அப்போ நான் பேசாம இருக்கணுமாம்மா?" என்று கத்தினேன்.

"யாரு சொன்னா? கம்ப்ளெயின்ட் எழுதிக் குடு. மன்னிக்கதுன்னா, நடந்தத நடக்கலன்னு சொல்லுததா? எழுதவும் செய்யி, ஜெபமும் பண்ணு."

போனை வைத்துவிட்டேன். இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் மெயில் அனுப்பினேன். பதில் வரவில்லை. வேறு வேலை தேடிக்கொண்டேன்.

ஜெபம்? முதலில் அவர் பெயரை மட்டும் சொல்வேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மாவைப் போல் பல்லை உடைக்கச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். அந்த நாள்களில் ஹாஸ்டல் லைப்ரரியில் முன்பு படித்த கோரி டென் பூம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார். ஹாலந்தில் வாட்ச் ரிப்பேர் செய்த பெண். இரண்டாம் உலகப்போரில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்ததற்காக 1944-ல் குடும்பத்தோடு கைதானார். ராவன்ஸ்ப்ரூக் முகாமில் அக்காவைப் பறிகொடுத்தார். 1947-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்து நிற்கிறார். கூட்டத்திலிருந்து ஒருவர் வந்து கை நீட்டுகிறார். அதே முகாமில் காவலராக இருந்தவர். கோரிக்குக் கை எழவே இல்லை. மன்னிப்பைப் பற்றி அப்போதுதான் பேசி முடித்திருந்தார், ஆனால் கை மட்டும் எழவில்லை! தன்னால் முடியாது என்று உள்ளுக்குள் ஜெபித்துவிட்டு, மரக்கட்டைபோல் கையை மட்டும் நீட்டினாராம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் சுமந்தது எங்கே, என் ஒரு கட்டுரை எங்கே! ஆனால் அந்த மரக்கட்டைக் கை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நானும் மரக்கட்டையாகவே பெயரைச் சொன்னேன்.

எத்தனை நாள் என்று கணக்கு வைக்கவில்லை. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது சட்டென்று உறைத்தது, அவருடைய பக்கத்தைத் திறந்து ரொம்ப நாள் ஆகிவிட்டது. அன்று ராத்திரி ஜெபத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வேலையில் சேர்ந்த முதல் வாரம், தலைப்பு வைக்கத் தெரியாமல் நான் விழித்தபோது, டீ வாங்கிக் கொடுத்துப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவர் செய்தது தப்புதான். இன்றைக்குக் கேட்டாலும் அதைச் சொல்வேன். ஆனால் இப்போது தூக்கம் வருகிறது.

போன வருடம் அக்டோபரில் அம்மா போன் செய்தார். பெரியப்பா ஊருக்கு வந்திருக்கிறார், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். "அப்பா என்ன சொல்லுதாங்க?" என்றேன். "ஒண்ணும் சொல்லல. சட்டையப் போட்டுக்கிட்டு நிக்காவ. நீயும் வந்தா நல்லாருக்கும்."

போனேன். நாசரேத்தில் பஸ் ஏறியதிலிருந்து பாளையங்கோட்டை வரை அப்பா பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், "எளநி வாங்குவோம், அண்ணனுக்குப் பிடிக்கும்" என்றார். இரண்டு இளநீரைச் சீவி, பையில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார். நர்ஸ் பார்த்துவிட்டு ஒரு சத்தம் போட்டார், "ஐயோ, டயாலிசிஸ் பேஷன்ட்டுக்கு எளநியா? பொட்டாசியம் ஏறிடும், எடுத்துட்டுப் போங்க!" பதினைந்து வருடம் கழித்து அண்ணனுக்குக் கொண்டுபோன முதல் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா நடுவார்டில் நின்றார்.

பெரியப்பா பாதியாக இருந்தார். அப்பாவைப் பார்த்ததும், "தம்பி, அந்த வீடு..." என்று ஆரம்பித்தார். அழுகை வந்துவிட்டது. அப்பா இளநீர்ப் பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, "சாப்டியா?" என்று கேட்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இளநீரை நானும் பெரியம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்து குடித்தோம்.

பெரியப்பா இப்போது ஊரிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். செவ்வாய்க்கிழமைகளில் அப்பா கூடப் போகிறார். அப்பா வேலை பார்க்கும் கடையில் அதற்குச் சம்பளம் பிடிக்கிறார்கள். பணம் எதுவும் திரும்ப வரவில்லை, வரப்போவதும் இல்லை. பச்சை வீட்டுக்கு இப்போது மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி, எட்டரை மணி. பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பாய் போதவில்லை, இரண்டு பாய் விரித்தோம். பெரியப்பாவால் தரையில் உட்கார முடியாது என்று நாற்காலி போட்டோம். பாட்டு, அதிகாரம், அம்மாவின் ஜெபம். "எங்க மூத்த அத்தானையும்" என்ற இடத்தில் அம்மா சத்தத்தைக் குறைக்கவில்லை.

பரமண்டல ஜெபம் ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அந்த வரி நெருங்க நெருங்க எனக்கு ஜெபத்தில் மனசில்லை, காது முழுக்க அப்பா பக்கம்தான். வரி வந்தது. அம்மா குரல் கேட்டது, தம்பி குரல், பெரியம்மா குரல். அதற்குப் பின்னால் கரகரவென்று, ஒரு வார்த்தை பிந்தி, அப்பாவின் குரல்.

பெரியப்பா அந்த வரியைச் சொல்லவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

ஆமென் சொல்லி எழுந்ததும் அம்மா முந்திரிக்கொத்துத் தட்டை எடுத்துவந்தார். எல்லோருக்கும் காபி வந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் அரை டம்ளர்தான். "அவ்வளவு போதும், டாக்டர் சொல்லிருக்காவல்லா" என்று அப்பாவே அளந்து ஊற்றிக் கொடுத்தார்.